முன்மாதிரி நிலவேம்பு

தேனியில் புறவழிச்சாலை ஓரமாக மூலிகைச் சாகுபடி மற்றும் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் வைத்த மூன்று மாடிக் கட்டடம். வாசலில் தொட்டிகளில் துளசி வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் துளசி. முதலில் உண்மையான துளசிதான் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்தப் பணியிடம் இன்னும் உருவாக்கப்படவில்லை.

ராயப்பன்பட்டி பங்கிராஸ் அங்கே பயிற்சிக்குப் போன அன்று அந்தத் துளசியைக் கிள்ளிப் பார்த்தார். கையை முகர்ந்தும் பார்த்தார். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

பங்கிராஸ் திராட்சை விவசாயி. அவருடைய தோட்டத்தில் ஒரு ஏக்கர் கொடிகள் வயதாகி, நோய் விழுந்து, காய்ப்பை நிறுத்திக்கொண்டன. பந்தலைப் பிரித்துவிட்டார். அடுத்து என்ன வைப்பது என்று தெரியவில்லை. மலை பக்கத்தில் இருந்ததால் எதை வைத்தாலும் காட்டுப்பன்றி முதலில் வந்து ருசி பார்த்தது. மூலிகை வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மையத்தில் இலவசப் பயிற்சி என்றும் மதியச் சாப்பாடு உண்டு என்றும் சொன்னார்கள்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் வைகுண்டராஜ் பயிற்சியைத் தொடங்கிவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, மூலிகையை நிலத்தில் தேடாதீர்கள். மனதில் தேடுங்கள். நிலத்தில் விளைந்த மூலிகைக்குப் பூச்சி விழும். மனதில் விளைந்த மூலிகைக்கு விழாது."

கைதட்டினார்கள். பிறகு அவர், இங்கே நிலம் வைத்திருப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். பங்கிராஸ் மட்டும் உயர்த்தினார். மற்றவர்கள் தொழில்முனைவோர். ஒருவர் செல்போன் கடை வைத்திருந்தார். ஒருவர் வங்கியில் ஓய்வுபெற்றவர். இரண்டு பேர் யூடியூப் சேனல் நடத்தினார்கள். இயக்குநர் பங்கிராஸைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஒருவர் இருக்கிறாரா. நல்லது. இருக்கட்டும்."

மையத்தின் களஅலுவலர் மதன்குமார் பங்கிராஸுக்கு நிலவேம்பு விதை கொடுத்தார். தேவதானப்பட்டிக்காரர். சுத்தமாகச் சட்டையை உள்ளே விட்டிருப்பார். விதை இலவசம், ஒரே ஒரு நிபந்தனை என்றார். மைய விதையில் விளைந்ததை மையத்தின் அனுமதி பெற்றுத்தான் அறுவடை செய்ய வேண்டும்.

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிண்ணே."

பங்கிராஸ் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் செபஸ்தியம்மாள் விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கடுகுல பாதி கூட இல்ல."

"சிறியாநங்கை. நிலவேம்புன்னும் சொல்லுவாக. ஆடு திங்காது, மாடு திங்காது, பன்னி மோந்துட்டு ஓடிரும்."

"மனுசன்?"

"மருந்துன்னா திம்பான்."

"அப்ப மனுசனுக்குத்தான் புத்தி கம்மி," என்றார் செபஸ்தியம்மாள். நாற்றுப் பாவ ஆரம்பித்தார்கள்.

நிலவேம்பு நன்றாக வந்தது. பன்றிகள் ஒரு முறை வந்து, ஒரு செடியைக் கடித்துத் துப்பிவிட்டு, பக்கத்துத் தோட்டத்து மரவள்ளிக்குப் போயின. இடுப்பளவு வளர்ந்து சின்னச் சின்ன வெள்ளைப் பூ எட்டிப்பார்த்தது. பங்கிராஸ் கம்பம் போய் மூலிகை வியாபாரி சண்முகராஜைப் பார்த்தார். சண்முகராஜ் வேரும் பட்டையும் இலையும் வாங்கிக் குமுளி வழியாகக் கேரளாவுக்கு அனுப்புகிறவர். பச்சையாகவே எடுத்துக்கொள்வார். உலர்த்துவதற்கு அவரிடம் கொட்டகை இருந்தது.

"பூ கண்டதும் வெட்டிருங்க," என்றார் சண்முகராஜ். "காய் புடிச்சா எல கொட்டிரும். மழ விழுந்தா மிச்ச எலயும் கறுத்துரும். வெறுங்குச்சியக் கொண்டுபோனா கேரளாக்காரன் தொடமாட்டான். சேட்டா இது சரியாவில்லன்னு ஒத்த வார்த்த. அதோட முடிஞ்சுது."

"மழைக்கு முன்ன வெட்டிருவேன்."

"வெட்டுனா ஜீப் அனுப்புறேன்."

பங்கிராஸ் மையத்துக்குப் போன் செய்து அனுமதி கேட்டார். மதன்குமார் சந்தோஷப்பட்டார். "பூத்துருச்சா? அப்ப வியாழக்கிழமை ஒரு பேட்ச்சக் கூட்டிட்டு வாரேண்ணே. பாத்துட்டுப் போயிரட்டும். அப்புறம் வெட்டலாம்."

பங்கிராஸ் தன் தவறை அந்த வியாழக்கிழமை செய்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. தேக்கடிக்குப் போகிறவர்கள் வழியில் வேனை நிறுத்தி இறங்குவார்கள். பந்தலுக்கடியில் குனிந்து நின்று படம் எடுப்பார்கள். தோட்டக்காரர் நல்ல குலையாக ஒன்றைக் காட்டி, உங்க கையால பறிச்சு வாயில போடுங்க என்பார். அப்படிச் சொல்லாதவனைக் கஞ்சன் என்று ஊரில் பேசுவார்கள். பங்கிராஸுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மையத்து வேனிலிருந்து ஆட்கள் இறங்கியதும் அவர் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"வாங்க. உங்க கையால ஒரு எலையப் பறிச்சு வாயில போடுங்க."

சென்னையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஒருவர் முதலில் போட்டார். நன்றாக மென்றார். பிறகு அவர் முகம் மாறியது. கண்ணில் நீர் நிறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. வரப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மண்ணைத் தொட்டதும் நெகிழ்ந்துவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். மறுநாள் அந்தப் படம் மையத்தின் முகநூலில் வந்தது. கீழே, 'வேரைத் தேடி வந்தவரின் விழிநீர்' என்று போட்டிருந்தது.

அதன்பிறகு சுவைத்தல் அமர்வு மையத்தின் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. பங்கிராஸின் ஒரு ஏக்கர் முன்மாதிரித் தோட்டம் ஆனது. மாவட்டத்தில் அதுதான் முதல். கடைசி என்று சொன்னாலும் தவறில்லை.

முன்மாதிரித் தோட்டத்தை அறிவித்த மறுநாள் வேலி வந்தது. வேலியில் பலகை வந்தது. செடிகளைத் தொடாதீர் என்று ஒரு பலகை, ஒருவருக்கு ஒரு இலை மட்டும் என்று இன்னொன்று. பங்கிராஸுக்கும் செபஸ்தியம்மாளுக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். அட்டையில்லாமல் உள்ளே வரக்கூடாது. செபஸ்தியம்மாள் அதை மாட்டிக்கொண்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனார். மாடு அட்டையைத் தின்றுவிட்டது. புதிதாக வருவதற்கு ஒரு வாரம் ஆனது. அதுவரை அவர் வேலிக்கு வெளியே நின்று புருஷனைக் கூப்பிட்டார்.

பேட்ச் பேட்ச்சாக ஆட்கள் வந்தார்கள். ஏற்றுமதியாளர்கள் வந்தார்கள். ஏற்றுமதி செய்ய விரும்புபவர்கள் வந்தார்கள். அப்படி விரும்புபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விரும்புபவர்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரு இலை தின்றார்கள். எல்லோரும் கண் கலங்கினார்கள். ஒவ்வொரு வேன் போன பிறகும் பங்கிராஸ் மதன்குமாருக்குப் போன் செய்தார்.

"தம்பி, இப்ப வெட்டலாமா?"

"அடுத்த பேட்ச் சொல்லிட்டோம்ணே. அவங்க வந்து வெறும் நெலத்தப் பாத்தா என்ன நெனப்பாங்க."

"வெட்டுனத அடுக்கி வச்சுக் காட்டுறேன்."

"அது சாகுபடி இல்லண்ணே. அது சரக்கு. சரக்கு நம்ம பாடத்துல வரல."

பூக்கள் உதிர்ந்து அங்கங்கே ஊசி மாதிரிக் காய் தெரிந்தது. சண்முகராஜ் ஒரு நாள் ஜீப்பை வேலியோரம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு பிடி இலையைக் கசக்கிப் பார்த்தார். மேகமலைப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

"மழ எறங்கிருச்சுன்னா நான் வரமாட்டேன் பங்கிராசு. பெறகு கோவிச்சுக்கக் கூடாது."

பங்கிராஸ் நேரிலேயே தேனிக்குப் போனார். மதன்குமார் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அனுமதி குடுக்கலாம்ணே. ஆனா நீங்க களப்பார்வை முடிக்கலையே. பயிற்சி எடுத்தவங்க ஒரு முன்மாதிரித் தோட்டத்தப் போய்ப் பாத்துட்டு வரணும். அந்தச் சான்று இல்லாம உங்க பேரு மேல போகாது."

"எந்தத் தோட்டத்தப் பாக்கணும்?"

மதன்குமார் ஒரு தொப்பியும் ஒரு துணிப்பையும் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மையத்து வாசலிலிருந்து பஸ் என்றார்.

பஸ் சின்னமனூரில் டிபனுக்கு நின்றது. உத்தமபாளையத்தில் டீக்கு நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் மதுரைக்காரர். முன்மாதிரி விவசாயி பெரிய மனுசராமே, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் நமக்கும் ஏதாவது தெரியும் என்றார். பங்கிராஸ், அவருக்கு ஒன்றும் தெரியாது என்றார். நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார் மதுரைக்காரர். அடிக்கடி பார்ப்பேன் என்றார் பங்கிராஸ்.

பஸ் ராயப்பன்பட்டியில் அவர் தோட்டத்து வேலிக்கு முன்னால் நின்றது. வாசலில் செபஸ்தியம்மாள் புது அட்டையோடு நின்றிருந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். தொப்பி போட்டு, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பங்கிராஸும் இறங்கினார்.

செபஸ்தியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க. எந்த ஊருலருந்து வாரீக?"

"ராயப்பன்பட்டி."

"ரொம்பத் தூரமோ?"

"தேனி சுத்தி வந்தேன்."

"அதான் மூஞ்சி வாடிக் கெடக்கு. உங்க கையால ஒரு எலையப் பறிச்சு வாயில போடுங்க."

பங்கிராஸ் ஒரு இலை பறித்து வாயில் போட்டார். தன் செடியை அவர் அன்றுதான் முதன்முறையாகத் தின்றார். கண் கலங்கியது. யாரோ படம் எடுத்தார்கள்.

மதன்குமார் எல்லோரையும் வரப்பில் வரிசையாக நிறுத்தினார். முன்மாதிரி விவசாயி இன்று தவிர்க்க முடியாத வேலையாக வெளியே போயிருக்கிறார், கேள்விகளைத் தன்னிடம் கேட்கலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. வாய் கசந்துகொண்டிருந்தது. பங்கிராஸ் கையை உயர்த்தினார்.

"செடி முத்திப்போச்சே. இன்னும் ஏன் வெட்டல?"

"நல்ல கேள்வி," என்றார் மதன்குமார். "எல்லாரும் குறிச்சுக்கங்க."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பஸ் மறுபடி தேனிக்குப் புறப்பட்டது. சான்றிதழ் அங்கேதான் கொடுப்பார்கள். செபஸ்தியம்மாள், வரும்போது தக்காளி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பங்கிராஸ் இயக்குநரைப் பார்க்கக் காத்திருந்தார். சாயங்காலம் உள்ளே விட்டார்கள். டாக்டர் வைகுண்டராஜ் அவரை எதிரே உட்காரச் சொன்னார். அன்பாகத்தான் பேசினார்.

"மிஸ்டர் பங்கிராஸ், வெட்ட வேண்டும் வெட்ட வேண்டும் என்கிறீர்களாம். நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் செடி என்ன தவறு செய்தது?"

பங்கிராஸ் யோசித்தார். ஒன்றும் செய்யவில்லை என்றார்.

"செடியை வெட்டுகிறவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். அவர்களால் மூலிகைத் துறை வளர்ந்ததா? நான் ஆறாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட ஒரு செடியையும் வெட்டியதில்லை. அதுதான் வளர்ச்சி. நீங்கள் இன்று ஒரு ஏக்கரை அறுத்தால் ஒரு ஜீப் சரக்கு. அதோடு முடிந்தது. நிற்கவிட்டால் அது வகுப்பறை. வகுப்பறையை யாராவது அறுத்து விற்பார்களா?"

"மழ வருது சார். எல கறுத்துரும்."

"மழை நம் மையத்தின் வரம்புக்குள் வராது," என்றார் இயக்குநர். அதை வருத்தத்தோடு சொன்னார்.

அன்று தக்காளியோடு வீட்டுக்கு வந்த பங்கிராஸ் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இனி ஒரு வாரம் தாங்காது என்றார். ஆவணியிலிருந்து ரெண்டு பேர் இடுப்பு ஒடியக் களையெடுத்தது குச்சியாகப் போகும் என்றார். திருட்டுத்தனமாக வெட்டிவிடலாமா என்றும் கேட்டார்.

"உங்க தோட்டத்துல நீங்க திருடுனா உங்களத்தான் புடிப்பாக," என்றார் செபஸ்தியம்மாள். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ரெண்டை ஒதுக்கி வைத்தார். "அவுகளுக்கு என்ன புடிக்கும்?"

"பயிற்சி புடிக்கும்."

"பெறகு ஏன் வெட்டணும் வெட்டணும்னு நிக்கிறீக? வெட்டுறதுக்குப் பயிற்சி குடுங்கன்னு கேளுங்க."

காலையில் பங்கிராஸ் அதை மதன்குமாரிடம் போனில் சொன்னார். அந்தப் பக்கம் கணினி தட்டும் சத்தம் கேட்டது. அந்தக் காலாண்டில் மையத்துக்குப் பயிற்சி எண்ணிக்கை குறைவாக இருந்தது. பெண்களுக்கான பயிற்சி ஒன்றுகூட நடக்கவில்லை. மதியத்துக்குள் ஒப்புதல் வந்துவிட்டது. கிராமப்புறப் பெண்களுக்கான மூலிகை அறுவடைத் திறன் மேம்பாடு. ஒரு நாள். வருகிறவர்களுக்குத் தினப்படியும் சாப்பாடும் தொப்பியும் பையும் உண்டு.

ஊரில் களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் போகிற பெண்களுக்கு முருகம்மாள்தான் தலைவி. அவரே ஆட்களோடு வந்துவிட்டார். மதன்குமார் வாசலில் மேசை போட்டு, பயிற்சிக்கு முந்தைய திறன் மதிப்பீடு எடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு அறுவடை செய்யத் தெரியுமா?"

"தெரிஞ்சா சேப்பீகளா, தெரியாட்டி சேப்பீகளா?"

"தெரியாதவங்களுக்குத்தான் பயிற்சி."

"அப்ப எங்கள்ல ஒருத்திக்கும் தெரியாது. அருவாள எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாதுன்னு போட்டுக்கங்க."

மதன்குமார் எல்லோருக்கும் 'இல்லை' என்று போட்டார்.

இயக்குநர் வந்தார். இரண்டு செடிகளுக்கு நடுவே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அரிவாளால் நாடாவை வெட்டித் தொடங்கிவைக்க வேண்டும். அவர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். நாடா நீண்டுகொண்டே வந்தது. முருகம்மாள் அரிவாளை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். நாடாவும் செடியும் சேர்ந்து விழுந்தன.

"பாருங்கள்," என்றார் இயக்குநர். "பயிற்சி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது."

பங்கிராஸும் அரிவாளோடு உள்ளே வந்தார். மதன்குமார் தடுத்தார். முன்மாதிரி விவசாயியைப் பயிற்சியில் சேர்க்க முடியாது. அறுவடைப் பயிற்சி பெறாதவரைச் செடியின் பக்கத்தில் விடவும் முடியாது.

"பங்கிராசண்ணே, அங்கன தள்ளி நில்லுங்க," என்றார் முருகம்மாள். "தெரியாத ஆளு உள்ள வந்தா கைய வெட்டிக்கிருவீகளாம்."

பங்கிராஸ் வேலிக்கு வெளியே நின்றார். இயக்குநர் கிளம்பிப் போனார். பெண்கள் குனிந்தார்கள். மதியச் சாப்பாட்டு வண்டி வருவதற்குள் ஒரு ஏக்கரும் தரையோடு தரையாகிவிட்டது. சண்முகராஜின் ஜீப் பின்பக்கமாக வந்து நின்றது. இரண்டு நடை போயிற்று. எடை போட்டு, பேசிய தொகையைச் சண்முகராஜ் அங்கேயே கொடுத்துவிட்டார். பங்கிராஸ் அதைச் செபஸ்தியம்மாளிடம் கொடுத்தார். அவர் எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மதன்குமார் அதுவரை மரத்தடியில் பயிற்சிக்குப் பிந்தைய மதிப்பீடு எழுதிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் 'மிக நன்று'. ஒரே நாளில் இவ்வளவு முன்னேற்றம் மையத்தின் வரலாற்றில் கிடையாது. அப்போது இயக்குநர் போன் செய்தார். டெல்லியிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. நாளைக்குக் காலை. முன்மாதிரித் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம்.

மதன்குமார் தலையை நிமிர்த்தித் தோட்டத்தைப் பார்த்தார். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் சாலை தெரிந்தது. முன்பு அது தெரிந்ததில்லை.

"சார், வெட்டியாச்சு சார்."

"வெட்டியது எனக்குத் தெரியும். நான்தானே தொடங்கிவைத்தேன். பயிற்சி முடிந்ததும் திரும்ப வைத்துவிட்டார்களா, இல்லையா?"

சரக்கு ஜீப்பில் கம்பத்துக்குப் போய்விட்டது என்று மதன்குமார் சொன்னார். இயக்குநர் அதைப் புரிந்துகொள்ள, மறுபடி ஒரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் மையத்தின் வேன் கம்பத்தில் சண்முகராஜின் கொட்டகை முன்னால் நின்றது. சண்முகராஜ் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

"வாங்குன சரக்கு சார். சும்மா தர முடியாது. வெலைக்குன்னா தாரேன்."

மையம் தொடங்கிய நாளிலிருந்து அது யாரிடமும் ஒரு கட்டு மூலிகை வாங்கியதில்லை. அதற்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. அலங்காரச் செடிகள் என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் வாங்கினார்கள். வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு போட்டுக் கொடுத்தேன் என்று சண்முகராஜ் பின்னால் பங்கிராஸிடம் சொன்னார். கேரளாக்காரன்கூட இவ்வளவு பேரம் பேசாமல் வாங்கியதில்லையாம்.

விடிந்ததும் முருகம்மாளும் ஆட்களும் மறுபடி வந்தார்கள். மறுபடி மேசை. மறுபடி படி, சாப்பாடு, தொப்பி, பை.

"நேத்து அறுக்கத் தெரியாதுன்னு எழுதுனீக," என்றார் முருகம்மாள். "இன்னைக்கு எங்களுக்கு என்ன தெரியாது?"

"செடி நட."

"இதையா?" வேனில் வந்த கட்டு ஒன்றிலிருந்து ஒரு செடியை உருவித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "வேரில்லாததத்தான நடணும்? அது நெசமாவே தெரியாது. எழுதிக்கங்க."

கடப்பாறையால் குழி போட்டுக் குழிக்கு ஒன்றாகச் சொருகினார்கள். வேலிக்கு வெளியே பங்கிராஸும் செபஸ்தியம்மாளும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். வரிசை ஒழுங்காக இருந்தது. அவர்கள் நட்டதைவிட ஒழுங்காக இருந்தது.

ஆய்வுக்குழு பதினொரு மணிக்கு வந்தது. மூன்று பேர். தலைவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செடிகளைப் பார்த்தார். எல்லாச் செடிகளும் ஒரே பக்கமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஏன் இப்படி வாடியிருக்கின்றன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டாக்டர் வைகுண்டராஜ் ஒரு அடி முன்னால் வந்தார். ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கூடியிருந்தவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார்.

"உலகெங்கும் மூலிகையை வெட்டிய பிறகுதான் உலர்த்துகிறார்கள். அதுவும் தரையில் படுக்கவைத்து. அது செடிக்கு நாம் காட்டும் மரியாதை அல்ல. எங்கள் மையம் நின்ற நிலையிலேயே உலர்த்துகிறது. இதற்கு நின்றநிலை உலர்த்தல் என்று பெயர். கொட்டகை வேண்டாம். தார்ப்பாய் வேண்டாம். செடி தன் தோட்டத்திலேயே, தன் காலிலேயே நின்று மருந்தாகிறது."

தலைவர் குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தார். அரிவாள் பட்ட இடம் சாய்வாக, சுத்தமாக இருந்தது. முருகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"வேர் நீக்கம் நேற்றே முடிந்துவிட்டது," என்றார் இயக்குநர். "விவசாயிக்குப் பிடுங்குகிற வேலை மிச்சம். கவனித்தீர்களா, எவ்வளவு இலகுவாக வந்தது?"

தலைவர் இன்னொன்றை இழுத்துப் பார்த்தார். அதுவும் இலகுவாக வந்தது. மற்ற இருவரும் ஆளுக்கொன்று இழுத்துப் பார்த்தார்கள். மூவரும் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

மேகமலையிலிருந்து காற்று இறங்கியது. ஒரு துளி தலைவரின் வழுக்கையில் விழுந்தது. அடுத்து தோட்டம் முழுக்கத் தடதடவென்று இறங்கிவிட்டது. எல்லோரும் காரை நோக்கி ஓடினார்கள். இயக்குநர் மட்டும் ஓடவில்லை. கார்க் கண்ணாடி பக்கம் குனிந்து நனைந்துகொண்டே சொன்னார்.

"இப்போது நீங்கள் பார்ப்பது இரண்டாவது கட்டம். கழுவுதல்."

இந்தத் தொழில்நுட்பத்தை டெல்லியில் வந்து விளக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். எல்லா மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம் என்றார். கார்கள் போய்விட்டன. பெண்கள் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள். முருகம்மாளின் சிரிப்பு மழையையும் மீறிக் கொஞ்ச தூரம் கேட்டது.

மதன்குமார் தொப்பலாக நனைந்து மோட்டார் ரூமுக்கு ஓடிவந்தார். தோட்டத்தில் நிலவேம்பு ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தது. இலை கறுக்க ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, பாத்துட்டே உக்காந்திருக்கீங்களே. பூராம் நனையுது. ஒரு தார்ப்பாயாச்சும் இருந்தா குடுங்கண்ணே."

"மையத்துச் செடி தம்பி," என்றார் பங்கிராஸ். "நான் தொடலாமா?"

செபஸ்தியம்மாள் ஃபிளாஸ்க்கைத் திறந்து மதன்குமாருக்கு ஒரு டம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். துவட்டிக்கொள்ளத் துண்டும் கொடுத்தார். மூவரும் மழையைப் பார்த்தார்கள். நல்ல மழை. மண் குடித்துக்கொண்டே இருந்தது. பங்கிராஸ் எட்டிக் குனிந்து வரப்பு மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். முழு விரலும் இறங்கியது.

போனை எடுத்து டிராக்டர் வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டியைக் கூப்பிட்டார்.

"ஏலே, ஈரம் நல்லா எறங்கிருக்கு. மழ விட்டதும் வந்துரு. உழுதுருவோம்."

"அங்கன மூலிக நிக்கிதுன்னாகளே சித்தப்பா?"

"நிக்கல. சொருகி வச்சிருக்காக. நீ வா."